ஆயாவின் பூங்குழலியும் பேத்தியின் பூங்குழலியும்

மழை பிறந்துவிட்டால் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். தை, மாசியில் பாத்திகளைச் செப்பனிட்டு, உவர்நீரைப் பாய்ச்சி, புரட்டாசி வரை வெயிலையே நம்பி உப்பு வாரும் நம் மக்கள், ஐப்பசி முதல் மார்கழி வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பார்கள். கையில் காசு இராது. பொழுது மட்டும் நிறைய இருக்கும். அப்படி ஒரு மழைக்காலம் தொடங்கும் வேளையில்தான், 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ திரைக்கு வந்தது.

நம் பங்கின் இளைஞர்கள் ஒரு வேன் பேசிக்கொண்டு புதுச்சேரிக்குப் புறப்பட்டார்கள். அவர்களோடு எண்பதை எட்டிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரும் ஏறிக்கொண்டார். கொட்டகைக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்த அவரை அழைத்துச் சென்றவள், அப்போது பதினோராம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அவருடைய பேத்தி. போகும்போது வேன் முழுவதும் ஒரே ஆரவாரம். திரும்பும்போது பாட்டியும் பேத்தியும் பேசிக்கொள்ளவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒரு திரைப்படத்திற்காக இரு உள்ளங்கள் மனத்தாங்கல் கொள்வதா என்று வாசகர்கள் நகைக்கலாம். நானும் முதலில் நகைத்தேன்.

அந்த மூதாட்டியின் தகப்பனார் உப்பளத்தில் கணக்கெழுதியவர். 1950 அக்டோபரிலிருந்து 1954 மே மாதம் வரை ‘கல்கி’ வார இதழில் இக்கதை தொடராக வந்தபோது, திண்டிவனத்திலிருந்து வரும் பேருந்துக்காகக் காத்திருந்து இதழை வாங்கிவந்து, அரிக்கன் விளக்கின் வெளிச்சத்தில் உரக்கப் படிப்பாராம். எழுதப் படிக்கத் தெரியாத உப்பளத் தொழிலாளர் பத்துப் பதினைந்து பேர் திண்ணையைச் சுற்றி அமர்ந்திருப்பார்கள். அவ்வாரப் பகுதி முடிந்ததும் எழுந்து போகமாட்டார்களாம். “நந்தினி நல்லவளா கெட்டவளா?” என்று நள்ளிரவு வரை வழக்காடுவார்களாம். தகப்பனாரின் மடியில் கிடந்தபடி அதைக் கேட்டு வளர்ந்த சிறுமிதான் இன்றைய ஆயா. (நம் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றே அழைப்பது தென் மாவட்ட வாசகர்களுக்கு விந்தையாக இருக்கலாம்.) வாரந்தோறும் வந்த பக்கங்களைப் பிரித்தெடுத்து ஐந்து பாகங்களாகக் கட்டி வைத்திருந்தார் தகப்பனார். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கூரையைப் பிய்த்தெறிந்த இரவில் முதல் மூன்று பாகங்கள் நனைந்து கூழாகிவிட்டன. ‘மணிமகுடம்’, ‘தியாகச் சிகரம்’ என்னும் கடைசி இரண்டு பாகங்களே தப்பின.

இத்தகைய வாசகர்கள் தமிழகத்தில் ஆயிரமாயிரம் பேர். அவர்களுக்கு இக்கதை வெறும் நூலன்று. தகப்பனாரின் குரல், விளக்கின் புகை நாற்றம், வெளியே பெய்த மழை ஆகிய அனைத்தும் அதனோடு பின்னிக் கிடக்கின்றன. ஓவியர் மணியம் அந்நாளில் தீட்டிய உருவங்களே அவர்கள் அறிந்த வந்தியத்தேவன். அவர் வரைந்த கொண்டையே நந்தினியின் கொண்டை. வேறொருவர் வந்து, “இல்லை, இவள்தான் நந்தினி” என்று காட்டும்போது நெஞ்சு சற்றே திடுக்கிடாமல் இருக்குமா?

இக்கதையைப் படமாக்கும் ஆசை பழையது. எம்.ஜி.ஆர். 1958-லேயே உரிமை பெற்று முயன்றார், கைகூடவில்லை. பிறகு கமல்ஹாசன் எண்ணிப் பார்த்தார். மணிரத்னமும் ஒரு முறைக்கு மேல் தொட்டுவிட்டுப் பின்வாங்கியவரே. ஆனால் மேடை முந்திக்கொண்டது: 1999-இல் மேஜிக் லேண்டர்ன் நாடகக் குழுவினர் சென்னை நந்தனத்தில் இதை நாடகமாக நடத்திக் காட்டினார்கள். அந்நாடகத்தை எழுதிய இளங்கோ குமரவேலே பின்னாளில் மணிரத்னத்தோடும் ஜெயமோகனோடும் சேர்ந்து திரைக்கதையிலும் பங்குகொண்டார். 2019 டிசம்பரில் தாய்லாந்து நாட்டில் படப்பிடிப்பு தொடங்கி, கொரோனா இடைமறித்து, முதற்பாகம் 2022 செப்டம்பரிலும் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-இலும் வெளிவந்தன. இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட கதை, இரண்டு படங்களிலும் சேர்த்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்தில் அடங்க வேண்டியிருந்தது. எதை வைப்பது, எதை விடுவது என்பதில்தான் வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது.

கல்கியின் கதை ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் ஒற்றைக் குதிரை வீரனோடு நிதானமாகத் தொடங்குகிறது. படமோ போர்க்களத்தில் தொடங்குகிறது. கடம்பூர் மாளிகையில் வந்தியத்தேவன்மேல் மனத்தைப் பறிகொடுத்துச் சித்தம் கலங்கும் மணிமேகலை என்னும் பேதைப் பெண் படத்தில் இல்லவே இல்லை. அவளுக்காகக் கண்ணீர் வடித்தவர்கள் அதை இலேசில் மன்னிக்கவில்லை. ஆழ்வார்க்கடியான் நம்பியின் வாயாடித்தனம் சுருங்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, கல்கி தாமே இடையிடையே வந்து வாசகரோடு உறவாடும் அந்தக் குரல், அடுத்த வாரம் வரை நெஞ்சைப் பிடித்துக் காத்திருக்கச் செய்யும் அந்தக் குறும்பு, திரையில் எங்கே போகும்? தொடக்கத்தில் கமல்ஹாசனின் குரல் கதையை எடுத்துரைக்கிறது. அது கம்பீரமான குரல்தான். ஆயினும் கல்கியின் குரல் அண்டை வீட்டுப் பெரியவரின் குரல்.

நூலைப் படிக்காதவர்களின் குறை வேறு விதமாக இருந்தது. பெரிய பழுவேட்டரையர், சின்னப் பழுவேட்டரையர், மலையமான், வேளார் எனப் பெயர்கள் வந்துகொண்டே இருக்க, “யாருக்கு யார் என்ன உறவு என்றே விளங்கவில்லை, சாமி” என்றான் உப்பு லாரி ஓட்டும் நம் இளைஞன் ஒருவன். ஆக, படித்தவர்களுக்கு ‘விட்டுவிட்டார்கள்’ என்னும் குறை. படியாதவர்களுக்கு ‘திணித்துவிட்டார்கள்’ என்னும் குறை. இரு சாராரும் ஒருமனதாகப் புகழ்ந்தது கார்த்தியின் வந்தியத்தேவனைத்தான். முதற்பாகத்துக்குச் சிறந்த தமிழ்ப் படம் உள்ளிட்ட நான்கு தேசிய விருதுகள் 2024-இல் அறிவிக்கப்பட்டன. ஆயாவுக்கு இவ்விருதுகளால் ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை.

அவருக்குப் பூங்குழலிதான் வழக்கு. கோடிக்கரையில் தனியே படகோட்டும் பெண் அவள். சதுப்பு நிலத்தில் இரவில் எழுந்து ஆடும் கொள்ளிவாய்ப் பேய்களைக் காட்டி, இவர்களே என் காதலர்கள் என்று வந்தியத்தேவனை மிரட்டுவாள். உப்பும் சேறும் அறிந்த ஊரில் வளர்ந்த சிறுமிக்கு இது கட்டுக்கதையாகவே தோன்றவில்லையாம். கழுவேலிப் பக்கம் இரவில் போனால் தாமும் அந்த நெருப்பைப் பார்க்கலாம் என்று நம்பிக் காத்திருந்தாராம். வேதாரணியமும் கோடிக்கரையும் நம் மரக்காணத்தைப் போலவே உப்பு விளையும் மண். 1930 ஏப்ரலில் இராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து சென்று உப்பு அள்ளியது அங்கேதான். ஆகவே பூங்குழலியைத் தம் ஊர்ப் பெண்ணாகவே ஆயா கருதிவந்தார். “சாமி, படத்துல வந்த பொண்ணு அழகாத்தான் இருக்கா. ஆனா அந்தக் கடல் நம்ம கடல் நிறமில்ல. அவ கால்ல சேறே ஒட்டல” என்றார்.

பேத்தியோ அந்தப் பூங்குழலியைப் பார்த்து வியந்து போனாள். தன்னந்தனியே கடலில் படகோட்டும் ஒரு தமிழ்ப் பெண்ணை அவள் அதற்கு முன் திரையில் கண்டதில்லையாம். நந்தினிக்காக அழுதேவிட்டாள். அவள் அழுததைக் கண்ட ஆயா, “இதுக்கே அழுறியா? கதையில எவ்வளவு இருக்கு தெரியுமா?” என்று சொல்லப்போக, அங்கே மூண்டதுதான் மனத்தாங்கல்.

இந்த வழக்கு தமிழருக்கு மட்டும் உரியதன்று. கல்கியின் தொடர் முடிந்த அதே 1954-ஆம் ஆண்டில், சூலை மாதத்தில், இங்கிலாந்தில் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்னும் மாபெருங்கதையின் முதற்பகுதி வெளிவந்தது. அதன் ஆசிரியர் டோல்கின் நம் திருச்சபையின் பிள்ளை. அவருடைய தாயார் 1900-இல் கத்தோலிக்க மறையைத் தழுவி, அதனால் உறவினரின் ஆதரவை இழந்து, 1904-இல் இறந்தார். அநாதைகளான இரு சிறுவரையும் பாதுகாவலராக இருந்து வளர்த்தவர் பர்மிங்காம் ஓரட்டரியைச் சேர்ந்த பிரான்சிஸ் மோர்கன் என்னும் குருவானவர். டோல்கினின் கதையில் ஆலயமுமில்லை, செபமாலையுமில்லை. ஆனால் தீமையின் மோதிரம் நெருப்பில் அழியும் நாளாக அவர் குறித்துவைத்தது மார்ச் 25. அது மங்கள வார்த்தைத் திருநாள் என்பதை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவார்கள். குருமடத்தில் தத்துவ இயல் படித்த காலத்தில், மௌன வேளையில் விரிவுரைக் குறிப்பேட்டுக்கு அடியில் வைத்து இதைப் படித்த குற்றம் எனக்குண்டு.

2001 முதல் 2003 வரை பீட்டர் ஜாக்சன் இதை மூன்று படங்களாக எடுத்தார். மூன்றாம் படம் பதினோரு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. உலகமே கொண்டாடியது. எனினும் நூலின் பழைய அன்பர்கள் மனம் ஆறவில்லை. டாம் பாம்படில் என்னும் ஆடிப்பாடும் காட்டு மனிதரைக் காணோம். வெற்றியோடு ஊர் திரும்பும் வீரர்கள் தங்கள் சொந்தக் கிராமமே சீரழிந்து கிடக்கக் காணும் பகுதியை அடியோடு நீக்கிவிட்டார்கள். போரையே கண்ணால் கண்ட டோல்கினுக்கு அப்பகுதி எத்துணை இன்றியமையாதது! மோதிரத்தின் மயக்கத்தை எளிதில் உதறும் ஃபாரமிர் என்னும் நல்லவன், படத்தில் தடுமாறுபவனாக ஆக்கப்பட்டான். தந்தையின் கையெழுத்துப் படிகளைப் பதிப்பிப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட மகன் கிறிஸ்டோபர் டோல்கின், 2012-இல் பிரெஞ்சு நாளிதழ் ஒன்றுக்கு அளித்த பேட்டியில், நூலின் உட்பொருளை அகற்றிவிட்டு இளைஞருக்கான சண்டைப்படமாக்கிவிட்டார்கள் என்று மனம் நொந்து கூறினார். அதே ஆண்டிலிருந்து, டோல்கின் குழந்தைகளுக்காக எழுதிய ‘தி ஹாபிட்’ என்னும் சிறு நூலை மூன்று நெடும் படங்களாக இழுத்தார்கள். அங்கே குறை தலைகீழானது: முன்னே சுருக்கிவிட்டார்கள் என்று வருந்தியவர்கள் இப்போது நீட்டிவிட்டார்கள் என்று வருந்தினார்கள்.

கல்கி உயிரோடிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? 1954 டிசம்பர் 5-ஆம் நாள் அவர் காலமானார். ஆகவே நாம் ஊகிக்கலாமே தவிர உறுதி சொல்ல இயலாது. ஆனால் அவர் திரையை வெறுத்தவரல்லர். 1939-இல் ‘தியாகபூமி’ ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, ஓவியங்களுக்குப் பதிலாகத் திரைப்படக் காட்சிகளின் புகைப்படங்களே அதனுடன் அச்சாயின. கதையும் படமும் இரட்டைப் பிள்ளைகளாக வளர்ந்த விந்தை அது. அதைப் படித்தவர்களுக்கு ‘என் மனத்தில் இருந்த முகம் வேறு’ என்று வழக்காட வாய்ப்பே கிட்டவில்லை. அது நன்மையா, இழப்பா? கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968-இல் படமானபின், இன்று அப்பெயரைக் கேட்டதும் சிவாஜியும் பத்மினியும் கண்முன் வருகிறார்களேயன்றி, நூலின் பக்கங்கள் எத்தனை பேருக்கு நினைவுக்கு வருகின்றன? படம் தோற்றுப்போனால் நூலுக்குச் சேதமில்லை. படம் வென்றுவிட்டால்தான் நூலுக்கு ஆபத்து என்று ஒரு வேளை தோன்றுகிறது. ஆனால் மணிரத்னத்தின் படம் வந்தபின் புத்தகக் கடைகளில் ‘பொன்னியின் செல்வன்’ முன்னினும் மிகுதியாக விற்றதையும் கண்டோம். கல்கியின் நூல்கள் 1999-இல் நாட்டுடைமையாக்கப்பட்டமையால் பல பதிப்பகங்கள் மலிவு விலையில் அச்சிடுகின்றன. நம் பேத்தியும் அப்படி ஒரு தொகுதி வாங்கிவந்தாள்.

அவள் செய்த முதற்காரியம், கடைசிப் பாகத்தின் கடைசி அத்தியாயங்களைப் புரட்டிப் பார்த்தது. (இளைஞர்களின் இந்த வழக்கத்தை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.) பார்த்துவிட்டு நேரே பங்கு இல்லத்துக்கு வந்துவிட்டாள். அன்று நடந்த உரையாடலே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நூலின் முடிவில், அருள்மொழிவர்மர் தம் தலைக்கு வந்த மணிமகுடத்தை எடுத்துச் சேந்தன் அமுதனுக்குச் சூட்டுகிறார். இறைவனுக்குப் பூத்தொடுத்துக் கொடுப்பதையன்றி வேறெதையும் விரும்பாத அந்த எளியவனே செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் என்பது கல்கி வைத்திருந்த இரகசியம். படத்தில் அந்த இரகசியமே இல்லை. அரியணைக்கு ஆசைப்பட்டு, சதிகாரரோடு கூடி நின்ற மதுராந்தகருக்கே மகுடம் போகிறது. படத்தின்மேல் நான் கொண்டிருந்த பெருங்குறை இதுவே. விரும்பாதவனைத் தேடிச்சென்று உயர்த்தும் அழகு போய்விட்டதே. ஐந்தாம் பாகத்துக்குக் கல்கி இட்ட ‘தியாகச் சிகரம்’ என்னும் பெயருக்குப் பொருளே இல்லையே என்று ஆயாவோடு சேர்ந்து நானும் புலம்பிக்கொண்டிருந்தேன்.

பேத்தி கேட்டாள்: “சாமி, நல்லவனுக்குக் கொடுக்கிறது என்ன கஷ்டம்? நம்மகிட்டேயிருந்து பிடுங்கப் பார்த்தவனுக்கே கொடுக்கிறதுதானே கஷ்டம்? போன ஞாயித்துக்கிழமை நீங்கதானே பகைவரை நேசிக்கணும்னு சொன்னீங்க?”

எனக்கு உடனே விடை தோன்றவில்லை. அவள் போனபின் அலமாரியிலிருந்த சோழர் வரலாற்று நூல்களை எடுத்துப் பார்த்தேன். சேந்தன் அமுதன் கல்கியின் கற்பனை. கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த உத்தம சோழர் ஆண்டதும், அவருக்குப் பின் 985-இல் இராசராசர் அரியணை ஏறியதும் வரலாறு. இராசேந்திர சோழர் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் ஒரு செய்தி சொல்கின்றன: குடிமக்கள் வேண்டியும், தம் சிற்றப்பன் ஆட்சியை விரும்பும் வரையில் அருள்மொழிவர்மர் அதை மனத்தாலும் விரும்பவில்லை என்பது அதன் கருத்து. அதாவது, ஆசைப்பட்டவருக்கே விட்டுக்கொடுத்தார் என்கிறது செப்பேடு. மற்ற இடங்களில் எப்படியோ, இந்த ஓர் இடத்தில் திரைப்படம் கல்கியைவிடச் செப்பேட்டுக்கு அண்மையில் நிற்கிறது. பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி, செப்பேட்டைப் பாராமலே என்னைத் தோற்கடித்துவிட்டாள்.

இதை நான் ஆயாவிடம் சென்று சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “செப்பேடு சொல்லட்டும் சாமி. எங்க அப்பா படிச்சப்போ அமுதன்தான் ராசா ஆனான்” என்றார். கதை முடிந்த வாரம் திண்ணையில் இருந்தவர்கள் கலைந்துபோக மனமின்றி, பூங்குழலி அரசியாகிவிட்டாளே, இனிப் படகோட்டுவாளா என்று கேட்டுக்கொண்டிருந்தார்களாம். அவர்கள் மட்டுமா? தமிழகமெங்குமிருந்து அவ்வாறே கேள்விகள் குவிந்தமையால்தான், கதாபாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று கல்கி ஒரு முடிவுரையே எழுத நேர்ந்தது. அன்றைய வாசகரும் ஆசிரியரை இலேசில் விட்டுவிடவில்லை என்பதை இன்றைய நேயர்களின் குறைகளைக் கேட்டுச் சலித்துக்கொள்வோர் எண்ணிப் பார்க்கலாம்.

நம் மரக்காணத்துக்கும் அந்தச் சோழருக்கும் உறவுண்டு. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என அறிஞர் சிலர் கருதுவர். பூமீசுவரர் கோவிலின் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் இன்றும் இருக்கின்றன. பேத்தி தன் தோழியரை அழைத்துக்கொண்டு போய் அவற்றைப் பார்த்துவந்தாள். ஓரெழுத்தும் படிக்க முடியவில்லை என்று சொன்னாலும் முகத்தில் மகிழ்ச்சி இருந்தது. படம் வருமுன் அவள் அந்தச் சுவரை எத்தனையோ முறை கடந்துதான் பள்ளிக்குப் போயிருக்கிறாள்.

ஆயாவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் தெரிகிறதாம். ஆகவே இரண்டு மழைக்காலமாகப் பேத்திதான் உரக்கப் படிக்கிறாள். இடையிடையே சச்சரவு உண்டு. “படத்துல இது நல்லா இருந்துச்சு ஆயா” என்பாள் அவள். “படத்தைப் பத்திப் பேசினா புஸ்தகத்தை மூடு” என்பார் இவர். மணியம் வரைந்த படங்கள் இருக்கும் பழைய நான்காம் பாகத்தை எடுத்துவந்து, இதோ என் பூங்குழலி என்று விரலால் தடவிக் காட்டுவார். அந்தத் தாளில் புயல்நீரின் கறை இன்னும் இருக்கிறது.

பேத்தி இப்போது செவிலியர் கல்லூரியில் படிக்கிறாள். விடுமுறைக்குத்தான் ஊருக்கு வருகிறாள். சென்ற மாதம் நோயில்பூசுதல் கொடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனபோது ஆயாவையும் பார்த்தேன். நானே இரண்டு அத்தியாயம் படித்துக்காட்டட்டுமா என்று கேட்டேன். “வேணாம் சாமி, நீங்க படிச்சா பிரசங்கம் மாதிரி இருக்கும்” என்று மறுத்துவிட்டார். ‘கொலைவாள்’ பாகத்தின் நடுவில் கோடியற்புதர் புனித அந்தோணியார் படம் ஒன்று அடையாளத்துக்காகச் செருகியிருந்தது. அதற்கு மேல் வருவதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆயினும் கிறிஸ்துமசு விடுமுறைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று என்னிடம் எண்ணிச் சொல்லச் சொன்னார்.